நூற்றுப் பன்னிரண்டின் கீழ் இரண்டு

ஆமாம் அக்கா, நான்தான். நீங்கள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபோதே நினைத்தேன். கண்டக்டரிடம் "பழைய பஸ் ஸ்டாண்டு போகுமா" என்று கேட்டேன் பாருங்கள், அதில் கண்டுபிடித்துவிட்டீர்கள். முகத்தை வைத்து என்னை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை காலையில் குப்பை வண்டி வரும்போது, "இந்த வார நகராட்சிச் செய்திகள்" என்று ஒரு பெண் குரல் வருமே, அது நான்தான். பெயர் மாரீஸ்வரி. இவள் என் மகள் தர்ஷிகா, இரண்டு வயது முடிந்துவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளட்டுமா? பிள்ளைக்குச் சளி.

எனக்குப் பேச வராது அக்கா. சிரிக்காதீர்கள், உண்மைதான். இப்போது பேசுகிறேனே என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எதிரில் ஒரு ஆள் நின்றாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மளிகைக் கடையில் கூட்டமாக இருந்தால், முன்னால் நிற்பவர் என்ன கேட்டாரோ அதையே நானும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு தடவை அப்படிப் புண்ணாக்கு வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் மாடே கிடையாது. என் வீட்டுக்காரர் காளிராஜ் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் வாசிக்க வரும். ஏழாவது வரைக்கும்தான் படித்தேன், அந்த ஏழு வருஷமும் வகுப்பில் தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொன்னால் டீச்சர் என்னைத்தான் எழுப்புவார். பேசுவது வேறு, வாசிப்பது வேறு இல்லையா? வாசிக்கும்போது அது நம் பேச்சு இல்லையே. யாரோ எழுதியது. நாம் சும்மா சத்தம் கொடுக்கிறோம்.

எங்கள் மகளிர் குழுவில் ஒரு நாள் தலைவியின் கண்ணாடி உடைந்துபோய், தீர்மானத்தை வாசிக்க ஆள் இல்லை. என் கையில் திணித்துவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு கடகடவென்று வாசித்து முடித்தேன். அன்றைக்குக் கவுன்சிலர் வந்திருந்தார். கவுன்சிலர் என்றால் ஜெயபாண்டி அண்ணாச்சி. எங்களுடையது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, அதனால் ஜெயித்தது அவர் சம்சாரம் விஜயராணி அக்கா. ஆனால் நாங்கள் கவுன்சிலர் என்று அண்ணாச்சியைச் சொல்வோம், அக்காவைக் கவுன்சிலர் வீட்டம்மா என்போம். குப்பை வண்டியில் வாராவாரம் செய்தி போடும் ஏற்பாடு அண்ணாச்சி பொறுப்பில்தான் இருந்தது. "இந்தப் புள்ளைக்கு மணி மாதிரி தொண்டை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாம்மா" என்றார்.

அவர் வீட்டில் சாமான் வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. சுற்றி அரிசி மூட்டை. மூட்டை இருந்தால் எதிரொலிக்காதாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, செல்போனில் ரெக்கார்டு போட்டுப் பக்கத்து மூட்டையில் வைத்துவிட்டு வாசிப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு என்றால் நான் எதை வேண்டுமானாலும் வாசிப்பேன் அக்கா. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர், சொத்து வரிக்குக் கடைசி நாள், மார்க்கெட் கடை ஏலம், தெருநாய்களுக்குக் கருத்தடை.

நாய்க் கருத்தடை வாசித்த வாரம் எங்கள் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. எங்கள் தெரு என்றால் ஆயில்மில் சந்து. நாற்பத்திரண்டு வீடு. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் மதினி வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். இவள் பிறக்கும்போது எனக்கு வலி வந்ததும், அடுப்பில் இட்லி வேக வேக அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் தெருக்குழாய்க்குப் போனால், "வழி விடுங்கடி, குப்பை மேடம் வாராங்க" என்பார்கள். "மேடம், அந்த நாய்க்குச் சொன்னதை எங்க வீட்டு ஆளுக்கும் கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், உள்ளுக்குள் நன்றாகவும் இருக்கும். அதுவரைக்கும் அந்தத் தெருவில் நான் காளிராஜ் பொண்டாட்டி. அவ்வளவுதான்.

மார்ச்சு மாதம் முதல் வாரம் வந்த தாளில் ஒரு செய்தி மட்டும் நீளமாக இருந்தது. எனக்கு மனப்பாடம் அக்கா, சொல்கிறேன் கேளுங்கள். "நகரளவை வார்டு சி, பிளாக் ஒன்பது, நகரளவை எண் நூற்றுப் பன்னிரண்டின் கீழ் இரண்டில் உள்ள தாமரை ஓடைப் புறம்போக்கில் அமைந்துள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து தினங்களுக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆட்சேபணை ஏதுமில்லை எனக் கருதப்படும்."

எப்படி? கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்க்கிறார்.

அன்றைக்கு இது நாலு தடவை தப்பாகப் போனது. முதலில் நூற்றுப் பன்னிரண்டு பை ரெண்டு என்று வாசித்துவிட்டேன். "பை கிய்யெல்லாம் சொல்லாதே, கீழ் இரண்டு, அதுதான் ஆபீஸ் தமிழ்" என்றார் அண்ணாச்சி. அப்புறம் ஆட்சேபணை. எனக்கு ஆச்சேபனை என்றே வந்தது. அவர் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அந்த மாதிரி மனுஷரைப் பார்க்க முடியாது. ஆட்சேபணை என்றால் என்ன அண்ணாச்சி என்று கேட்டேன், சுவரைப் பார்த்துக்கொண்டுதான். "வேண்டாம்னு எழுதிக் கொடுக்கிறது" என்றார். இது எந்த இடம் என்றும் கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை, போன் வந்ததோ என்னவோ. பிறகு, "ஓடைக்கரைப் பக்கம்மா. நீ நம்பரைச் சட்டுனு சொல்லிட்டுப் போயிரு, நம்பரையெல்லாம் யாரு கேக்கப் போறா" என்றார். நான்தான் விடவில்லை. அஞ்சாவது தடவை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒரு வேலை செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் இல்லையா?

மூன்று சனிக்கிழமை அது ஓடியது. எங்கள் சந்துக்குள்ளேயே ஓடியது. வண்டி நிற்கும், நாங்கள் குப்பையைக் கொட்டுவோம், என் குரல் மேலே போய்க்கொண்டிருக்கும். பஞ்சவர்ணம் மதினி ஒரு நாள் கேட்டுவிட்டு, "பாவம், எந்த ஆளுகளோ. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தாமரைக் குளம் இருக்குல்ல, அங்கதான் கெடக்கும்" என்றார்கள். எங்களுக்கு ஓடை ஏது அக்கா? ஆயில்மில் சந்து நடுவில் சிமெண்டுப் பலகை போட்டு மூடிய சாக்கடை ஓடும். நாங்கள் அதைப் பலகை என்போம். பலகையில் உட்கார்ந்து பேசுவோம், பலகையில் வற்றல் காயப்போடுவோம். அதற்குக் கீழே போவது ஒரு ஓடை என்றும், அதற்குத் தாமரை என்று பெயர் என்றும் யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டு வரி ரசீதில் ஆயில்மில் சந்து, கதவு எண் பதினேழு என்றுதான் இருக்கும். கரண்டு அட்டையிலும் அதேதான். நூற்றுப் பன்னிரண்டு யார் வீட்டில் இருந்தது?

ஏப்ரல் கடைசியில் நாலு பேர் டேப்பும் பெயிண்டு டப்பாவும் கொண்டு வந்து சுவரில் சிவப்பாக எழுதினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர். எங்கள் வீட்டுக்குப் பத்தொன்பது. எல்லா நம்பருக்கும் மேலே, சின்னதாக, நூற்றுப் பன்னிரண்டு கோடு இரண்டு. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை வாசித்தேன். ஒரு தடவை மனதுக்குள், ஒரு தடவை வாய்விட்டு. வாய்விட்டு வாசித்தபோது, கீழ் இரண்டு என்று வந்ததும்தான் இது மூட்டை அறையில் நான் வாசித்த எண் என்று தெரிந்தது.

பஞ்சவர்ணம் மதினி என் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கும் அந்தச் சத்தம் காதில் இருந்திருக்கும்.

மற்றவர்கள் கேட்டார்கள். குழாயடியில் ஒருத்தி, "தெரிஞ்சே வாசிச்சிருக்கா, இவ வீட்டுக்கு மட்டும் ஏதாவது சொல்லி வச்சிருப்பாங்க" என்றாள். ஒரு வாரம் நான் குழாய்க்கே போகவில்லை. மதினிதான் அவர்கள் குடத்திலிருந்து பாதியை என் குடத்தில் ஊற்றினார்கள். ஊற்றிக்கொண்டே, "இது ஏழாங்கிளாஸ் படிச்ச புள்ளைடி. கலெக்டரு எழுதுறது இதுக்கு எப்படி வெளங்கும்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்கள். எனக்காகத்தான் சொன்னார்கள். ஆனால் அக்கா, அது எனக்கு என்னவோ போல இருந்தது. ஏழாங்கிளாஸ் ஏழாங்கிளாஸ் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

தெருவில் எல்லாரும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் சொன்னது இதுதான்: இடம் ஓடைப் புறம்போக்கு, அதை மாற்ற முடியாது. ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுக்கவில்லை என்று நிரூபித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லலாம். ஒரு வருஷமாவது கிடைக்கும். அதற்குள் பக்கத்திலேயே மாற்று இடம் கேட்கலாம். ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், நேரில் விசாரிக்கிறார், அங்கே சொல்லுங்கள். நகராட்சிக்காரர்கள் ஒலிபெருக்கியில் மூன்று வாரம் அறிவித்தோம் என்று சொல்வார்கள். அதற்குப் பதில் என்ன?

பதிலைப் பஞ்சவர்ணம் மதினி கண்டுபிடித்தார்கள். கைநாட்டுத்தான், ஆனால் மூளை வக்கீல் மூளை. என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். "மாரி, நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். வாசிச்ச எனக்கே அது எங்க தெருன்னு வெளங்கலைன்னு சொல்லு. வாசிச்சவளுக்கே வெளங்கலைன்னா, கேட்டவங்களுக்கு எப்படி வெளங்கும்? அப்புறம் அது என்ன அறிவிப்பு?"

சரி மதினி என்றேன். மூன்று நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாசித்த எனக்கே விளங்கவில்லை சார். வாசித்த எனக்கே விளங்கவில்லை மேடம். சுவரிடம் நன்றாகத்தான் வந்தது.

விசாரணை அன்று காலையில் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். திட்டவே இல்லை அக்கா. நாற்காலியில் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. "உன் மேல எனக்குக் கோவமே கெடையாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும். ஆனா ஒண்ணு, புரியாம வாசிச்சேன்னு மட்டும் சொல்லிராதே. ஒண்ணும் தெரியாத புள்ளையை வச்சு நகராட்சி அறிவிப்புக் கொடுத்திருக்குன்னு பேப்பர்ல போடுவான், உன் போட்டோவோட. நாலு பேரு சிரிப்பான். உனக்கு அது தேவையா?" என்றார். என் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள். கிளம்பும்போது, "மாத்து வீடு எப்படியும் கொடுப்பாங்க. கைக்குழந்தைக்காரி, உனக்குக் கீழ்த்தளமாப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

வெளியே வரும்போது விஜயராணி அக்கா அடுப்படியிலிருந்து பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். என் காதருகில், "எனக்கும் அப்படித்தான் மாரி. கையெழுத்துப் போடுறேன், என்னன்னு தெரியாது. நீயாவது சொல்லிரு" என்றார்கள். அவர்கள் பி.காம். படித்தவர்கள். எதற்கு அப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நகராட்சிக் கூட்ட அறை. ஒரு பக்கம் எங்கள் தெரு ஆட்கள், எல்லாரும் நின்றுகொண்டு. இன்னொரு பக்கம் ஆபீஸ்காரர்கள். நடுவில் ஆர்டிஓ, ஒரு பெண்தான், என் வயதைவிட நாலைந்து கூட இருக்கும். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போய்விட்டார். பிள்ளையை மதினி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முதலில் போனில் என் குரலைப் போட்டார்கள். அந்த அறையில் அது கேட்ட மாதிரி எனக்கு எங்கேயும் கேட்டதில்லை அக்கா. ஒரு எழுத்துச் சிந்தவில்லை. எண்ணெல்லாம் முத்து முத்தாக விழுந்தது. எல்லாரும் சத்தமில்லாமல் கேட்டார்கள். தர்ஷிகா மட்டும், "அம்மா, அம்மா" என்று போனைக் காட்டினாள். முடிந்ததும் ஆர்டிஓ என்னைப் பார்த்து, "உங்க குரல்தானா?" என்றார்.

ஆமாம் மேடம் என்றேன்.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா. எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

ஏழாவது என்றேன். ஆபீஸ்காரர்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். ஏழாவதுக்கு இவ்வளவு நன்றாக வாசிக்கிறாளே என்று மெச்சிச் சிரித்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. என் காதெல்லாம் சுட்டது.

ஆர்டிஓ பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மாதிரிதான் கேட்டார். என் வாயிலிருந்து ஏதாவது வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரிகூட இருந்தது. "புரிஞ்சுதான் வாசிச்சீங்களா? பயப்படாமச் சொல்லுங்க."

மதினி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், சொல்லு சொல்லு என்று. நாற்பத்திரண்டு வீட்டு ஆட்களும் என் வாயைப் பார்த்தார்கள். அத்தனை முகம். அந்த அறையில் ஒரு சுவர்கூட என் பக்கத்தில் இல்லை.

புரிந்துதான் வாசித்தேன் மேடம் என்றேன்.

நீங்களே சொல்லுங்கள் அக்கா. இத்தனை பேர் முன்னால், அந்தக் குரலைக் கேட்ட பிறகு, எனக்கு ஒன்றும் புரியாது என்று ஒரு பொம்பளை எப்படிச் சொல்வாள்? நீங்கள் சொல்வீர்களா?

ஆர்டிஓ பேனாவைத் திரும்ப எடுத்தார். எழுதிக்கொண்டார். மதினி பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். கோபமாகக் கொடுக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் படுக்கப்போடுகிற மாதிரி, பார்த்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. அவர்களுக்கு வாய் நீளம் என்றேனே, என்னிடம் மட்டும் அது திறக்கவில்லை.

போன வாரம் புதன்கிழமை ஜேசிபி வந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டை இடித்தபோது மதினி வீடும் ஒரு பக்கம் சாய்ந்தது, ஒரே சுவர் என்பதால். அவர்கள் இட்லிக் கொப்பரையை எடுக்க உள்ளே ஓடப் போனார்கள், போலீஸ்காரப் பெண் பிடித்துக்கொண்டாள். நகராட்சி லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போய், ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் இருக்கிற அந்த அடுக்குமாடியில் இறக்கினார்கள். நான் பஸ் ஏறினேனே, அந்த இடம்தான். எனக்குக் கீழ்த்தளம். அண்ணாச்சி சொன்ன சொல் மாறவில்லை. மதினிக்கு நாலாவது மாடி. முட்டி வலிக்காரர்கள், லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அங்கே இட்லி வாங்க ஆள் ஏது? எல்லாரும் விடியுமுன் பஸ் பிடித்து டவுனுக்கு ஓடுகிறார்கள். என் வாசலைத் தாண்டித்தான் படி ஏற வேண்டும். ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்றுதான்.

ஆமாம், இன்றைக்கும் அண்ணாச்சி வீட்டுக்கு வாசிக்கத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமை இல்லையா. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "இன்னுமாடி அந்த மூட்டைக்குள்ள போய் உக்காருவே?" என்றார். அவருக்கு என்ன தெரியும்? நான் போகவில்லை என்றால் வேறு யாராவது வாசிப்பார்கள். எழுத்தை விழுங்கி வாசிப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமையும் போனேன். இடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, தலையில் தூசி போகவில்லை. அண்ணாச்சி தாளைக் கொடுத்துவிட்டு, முடியுமா என்றுகூடக் கேட்டார். நீங்கள் சனிக்கிழமை கேட்டிருப்பீர்கள். "தாமரை ஓடைப் புறம்போக்கில் இருந்த நாற்பத்திரண்டு ஆக்கிரமிப்புகள் பொதுமக்களின் முழு ஒத்துழைப்புடன் அமைதியான முறையில் அகற்றப்பட்டன. ஆக்கிரமிப்பாளர்கள் அனைவருக்கும் மாற்றுக் குடியிருப்பு வழங்கப்பட்டுள்ளது."

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை அக்கா. ஒரே தடவையில் முடிந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்று அண்ணாச்சி திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆக்கிரமிப்பாளர்கள். கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டுமாம்.

அழுத்திச் சொன்னேன்.